எம்-பெசா யாருடையது? கென்யாவின் அலைபேசிப் பணமும் பொருளாதார இறையாண்மையும்

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் கென்யாவின் சஃபாரிகாம் தொலைத்தொடர்பு நிறுவனம், எம்-பெசா என்னும் அலைபேசிப் பணச் சேவையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 16,100 கோடி கென்ய ஷில்லிங் வருவாய் ஈட்டியது. அந்நிறுவனத்தின் சேவை வருவாயில் இது நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு. காய்கறிக் கடையில் கொடுக்கும் சில்லறை, சிற்றுந்துக் கட்டணம், பள்ளிக் கட்டணம், மின் கட்டணம், இறுதிச் சடங்குக்குத் திரட்டும் நன்கொடை என்று அந்நாட்டின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி இதன் வழியாகவே நடக்கிறது. ஆப்பிரிக்கா தன் காலில் நிற்கும், தானே புதியது படைக்கும் என்பதற்குச் சான்று கேட்கப்படும் மேடைகளில் முதலில் சொல்லப்படும் பெயரும் இதுவே. அந்தப் பாராட்டில் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமில்லை. ஆனால் இந்தச் சேவையை உருவாக்கியவர் யார், அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் யார், அதன் விதியையும் விலையையும் தீர்மானிப்பவர் யார் என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பார்த்தால் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. பொருளாதார இறையாண்மை பற்றி அந்நாட்டில் இருபது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம் அந்த விடைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பற்றியதே என்பது என் கருத்து.

தோற்றம்

எம்-பெசாவுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் அலைபேசிப் பணம் இருந்தது. அதற்கு ஒரு நிறுவனப் பெயர் இல்லை, அவ்வளவுதான். பிரிட்டன் அரசின் நிதியுதவியோடு 2000-களின் தொடக்கத்தில் உகாண்டா, போட்ஸ்வானா, கானா ஆகிய நாடுகளில் நடந்த கள ஆய்வு, நகரத்தில் வேலை செய்பவர்கள் ஊரில் இருக்கும் உறவினருக்கு அலைபேசிப் பேச்சு நேரத்தை அனுப்புவதையும், பெற்றவர் அதை அக்கம்பக்கத்தில் விற்றுக் காசாக்கிக்கொள்வதையும் பதிவு செய்தது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களில், ரீசார்ஜ் அட்டையே நாணயமாகப் புழங்கியது. இதை யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

கென்யாவில் நடந்தது இதன் அடுத்த படி. சஃபாரிகாமின் பங்குதாரரான பிரிட்டனின் வோடஃபோன் நிறுவனத்தில் பணியாற்றிய நிக் ஹியூஸ், சூசி லோனி ஆகிய இருவரும், பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறையின் போட்டி நிதியிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு பெற்று, அதே அளவு தொகையை வோடஃபோனிலிருந்தும் வாங்கி, குறுங்கடன் தவணைகளை அலைபேசி வழியே வசூலிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தனர். 2005 அக்டோபரில், ஃபௌலு கென்யா என்ற குறுங்கடன் நிறுவனத்தின் ஐந்நூறு பேருக்கும் குறைவான வாடிக்கையாளர்களோடும் எட்டு முகவர் கடைகளோடும், நைரோபியிலும் தீக்காவிலும் சோதனை தொடங்கியது. கடன் நிறுவனத்தின் கணக்கு முறையோடு அது ஒத்துப்போகவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் அதைத் தங்கள் போக்கில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். கையில் பணத்தோடு பயணம் செய்ய அஞ்சியவர்கள் ஒரு கடையில் கட்டி மறு கடையில் எடுத்துக்கொண்டார்கள். வணிகர்கள் இரவில் பணத்தைப் பாதுகாப்பாக வைக்க அதை நாடினார்கள். திட்டத்திலேயே சேராத உறவினருக்கும் சிலர் பணம் அனுப்பினார்கள். கடன் வசூலுக்காக வந்த கருவியை, அதுவரை பேருந்து ஓட்டுநர் கையிலோ ஊருக்குப் போகும் நண்பரிடமோ கொடுத்தனுப்பிய பணத்துக்கான வழியாக அவர்களே மாற்றிக்கொண்டார்கள். 2007 மார்ச் 6 அன்று சேவை முறையாக அறிமுகமானபோது கடன் வசூல் அதிலிருந்து நீங்கியிருந்தது. ‘வீட்டுக்குப் பணம் அனுப்பு’ என்பதே விளம்பர வாசகம். ஓராண்டு முடிவதற்குள் வாடிக்கையாளர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எனவே முதல் இரண்டு கேள்விகளுக்கான விடை ஓரளவு தெளிவு. முதலீடும் மென்பொருளும் பிரிட்டனிலிருந்து வந்தன. அதன் உண்மையான பயன் எது என்று கண்டவர்கள் தீக்காவின் சிறு வணிகர்கள். உலக அளவில் எழுதப்படும் வெற்றிக் கதைகளில் இவர்களுக்கு ‘பயனாளர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

மத்திய வங்கி எடுத்த முடிவு

மூன்றாவதாக ஒரு தரப்பும் இதில் உண்டு. பெரும்பாலான கட்டுரைகள் அதைக் கடந்துபோய்விடுகின்றன. வங்கி உரிமம் இல்லாத ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் பொதுமக்களின் பணத்தைக் கையாள்வதற்கு 2007-இல் கென்யாவில் சட்டம் எதுவும் இல்லை. மறுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கென்ய மத்திய வங்கி, வாடிக்கையாளர்களின் பணம் முழுவதும் சஃபாரிகாமின் சொந்தக் கணக்கில் கலக்காமல் வணிக வங்கியொன்றின் அறக்கட்டளைக் கணக்கில் இருக்க வேண்டும், அதற்கான வட்டியை நிறுவனம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு, ஆட்சேபணை இல்லை என்று கடிதம் ஒன்றைக் கொடுத்தது. இளைய நாடு ஒன்றின் ஒழுங்குமுறை அமைப்பு, வெளிநாட்டு முன்மாதிரி அதிகம் இல்லாத நிலையில், சொந்தப் புத்தியை நம்பி எடுத்த முடிவு அது. 2008 டிசம்பரில் பெரிய வங்கிகளின் நெருக்குதலை அடுத்து, அன்று நிதித்துறைப் பொறுப்பில் இருந்த ஜான் மிச்சூகி எம்-பெசாவைத் தணிக்கை செய்ய உத்தரவிட்டார். சேவை பாதுகாப்பானது என்று அடுத்த மாதமே அறிக்கை வந்தது, வங்கிகள் பின்வாங்கின.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கடலடிக் கம்பிவடம் எதுவும் வராததால் 2009 வரை கென்யாவின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பல நாடுகள் சேர்ந்து வடம் போடும் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, தகவல்துறைச் செயலர் பிட்டாங்கே இண்டெமோ முன்னின்று நடத்திய முயற்சியில், கென்ய அரசும் உள்நாட்டு நிறுவனங்களும் பெரும்பங்கு ஏற்று, அமீரகத்தின் எதிசலாத் நிறுவனத்தைச் சிறுபான்மைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, ஃபுஜைராவிலிருந்து மொம்பாசாவுக்கு டீம்ஸ் என்ற வடத்தைப் போட்டார்கள். தனியார் வடமான சீகாமும் அதே ஆண்டில் வந்ததால் போட்டி உண்டாகி, இணைய விலை குறைந்தது. எம்-பெசாவைப் போல இதற்குப் புகழ் கிடைக்கவில்லை. தற்சார்பு என்று பெயர் சூட்டுவதற்கு எம்-பெசாவை விட இதற்கே தகுதி அதிகம் என்று நினைக்கிறேன்.

உரிமை

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். எம்-பெசா தொடங்கியபோது சஃபாரிகாமில் அரசுக்குச் சொந்தமான டெலிகாம் கென்யாவின் பங்கு 60 விழுக்காடு. வோடஃபோன் தரப்பின் பங்கு 40 விழுக்காடு. 2008-இல் அரசு தன் பங்கில் 25 விழுக்காட்டை, பங்கு ஒன்று ஐந்து ஷில்லிங் என்ற விலையில் பொதுமக்களுக்கு விற்றது. அதன்பின் அரசிடம் 35 விழுக்காடு நின்றது. பார்வைக்கு இது சமநிலையான பங்கீடு. ஆனால் எம்-பெசா என்ற வணிகப் பெயரும் அதன் தொழில்நுட்ப உரிமையும் வோடஃபோனிடமே இருந்தன. தன் சொந்த நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பணத்துக்காகச் சஃபாரிகாம் ஆண்டுதோறும் வோடஃபோனுக்கு உரிமக் கட்டணம் செலுத்தி வந்தது. இச்சேவை இயங்கிய கணினி வழங்கிகள் (சர்வர்கள்) 2015 வரை ஜெர்மனியில் இருந்தன. நைரோபியில் ஒருவர் பக்கத்துத் தெருக்காரருக்கு அனுப்பிய நூறு ஷில்லிங்கின் பதிவு ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியது. அந்த ஆண்டில் புதிய தளத்தோடு அவை கென்யாவுக்கு வந்தன. புதிய தளத்தை உருவாக்கியது சீனாவின் ஹுவாவெய் என்பதையும் சொல்ல வேண்டும். வணிகப் பெயரின் உரிமையைச் சஃபாரிகாமும் தென்னாப்பிரிக்காவின் வோடகாமும் கூட்டாக வாங்கியது 2020-இல்தான், அதாவது சேவை தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. வோடகாமின் பெரும்பான்மைப் பங்கு வோடஃபோன் குழுமத்தினுடையது.

எம்-பெசாவால் கென்யர்களுக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய பொருளியலாளர்கள் 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் இரண்டு விழுக்காடு, வறுமையிலிருந்து வெளிவர இச்சேவை உதவியது என்றும், அதனால் அதிகப் பயன் பெற்றவை பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள் என்றும் அது மதிப்பிட்டது. மில்ஃபோர்டு பேட்மேன் உள்ளிட்ட மூவர் 2019-இல் இதற்குக் கடுமையான மறுப்பு எழுதினார்கள். தொடங்கிய சிறுதொழில்களைப் பார்த்த ஆய்வு மூடப்பட்டவற்றைப் பார்க்கவில்லை, பெருகிய கடனைக் கணக்கில் எடுக்கவில்லை, கட்டணமாக ஏழைகளிடமிருந்து திரண்ட லாபம் பங்குதாரர்களுக்குப் போவதையும் பொருட்படுத்தவில்லை என்பது அவர்கள் வாதம். முதல் இரண்டும் ஆய்வு முறை பற்றியவை. அவற்றில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கலாம். மூன்றாவதை மறுப்பது கடினம். இடர் வந்த வேளையில் உறவினரிடமிருந்து விரைவாகப் பணம் வந்து சேர்வது பெரிய உதவிதான். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு கட்டணம் கழிவதும், அந்தக் கட்டணத்தை நிர்ணயிக்கும் மேசையில் அனுப்புகிறவர் இல்லாததும் அதே அளவு உண்மை.

கடன் என்ற பக்கம் இதை மேலும் சிக்கலாக்கியது. 2012 நவம்பரில் எம்-ஷ்வாரி, 2019 தொடக்கத்தில் ஃபுலிசா என்று சஃபாரிகாமும் வங்கிகளும் சேர்ந்து அலைபேசிக் கடன்களைக் கொண்டுவந்தன. கலிஃபோர்னிய முதலீட்டில் இயங்கிய டாலா, பிராஞ்ச் போன்ற செயலிகளும் அதே வழியில் நுழைந்தன. தவணை தவறிய சிறுகடனுக்காகக் கடன் தகவல் நிறுவனங்களின் பட்டியலில் ஏறிய இளைஞர்களின் எண்ணிக்கை அரசியல் பிரச்சினையாகும் அளவுக்குப் பெருகியது. இச்செயலிகளுக்கு உரிமம் கட்டாயமானது 2022-இல்தான். 2007-இல் துணிச்சலாக முடிவெடுத்த மத்திய வங்கி இந்த விஷயத்தில் பத்தாண்டு தாமதித்தது.

இளைஞர்கள்

2007 தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஓரி ஒக்கொல்லோ, ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா, எரிக் ஹெர்ஸ்மன் ஆகியோர் சில நாள்களில் உருவாக்கிய உஷாஹிதி என்ற மென்பொருள், எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் குறுஞ்செய்தியில் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் காட்டியது. திறந்த மூலநிரலாக இருந்ததால் ஹெயிட்டி நிலநடுக்கம் வரை பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. 2010-இல் நைரோபியில் ஐஹப் என்ற கூடம் திறந்தபின், நிரலெழுதும் ஒரு தலைமுறை அங்கே ஒன்றுகூடியது. அவர்கள் நெடுநாள் முறையிட்டது ஒன்றைப் பற்றித்தான்: எம்-பெசாவோடு தங்கள் மென்பொருளை இணைக்க முறையான திறந்த வழி இல்லை. ‘தராஜா’ என்ற பெயரில் அந்த வழி கிடைத்தபோது ஆண்டு 2017. சேவை தொடங்கிப் பத்தாண்டுகள் வரை, சொந்த ஊரின் மிகப் பெரிய பணப்பாதையின் மேல் தொழில் கட்ட நினைத்த இளைஞர் அந்நிறுவனத்தின் தயவுக்குக் காத்திருந்தார்.

பணமும் அவர்களைத் தேடி வரவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க நிதித்தொழில்நுட்பத் தொடக்க நிறுவனங்களில் 2015, 2016 ஆண்டுகளில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட முதலீட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு, நிறுவனர்களில் ஒருவரேனும் ஐரோப்பியராகவோ வட அமெரிக்கராகவோ இருந்த நிறுவனங்களுக்கே போனது என்று வில்லேஜ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு அமைப்பின் ஆய்வு 2017-இல் கணக்கிட்டது. திறமையில்லை என்பதால் நேர்ந்ததாக இதை விளக்க முடியாது. முதலீட்டாளர் தமக்குத் தெரிந்த பல்கலைக்கழகங்களிலும் தமக்குத் தெரிந்த முகங்களிலும் பணம் போடுகிறார்.

எம்-பெசாவைக் கண்டுபிடித்தவர் ஒரு கென்ய மாணவர், அவரிடமிருந்து யோசனை பறிக்கப்பட்டது என்று அந்நாட்டில் ஒரு பேச்சு விடாமல் உலவுகிறது. ஆவணங்கள் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சு உயிரோடிருப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில், வோடகாமில் பயிற்சிக் கணக்கராக இருந்த நொகோசானா மகாட்டே, கையில் காசில்லாதவரும் ‘என்னை அழை’ என்று இலவசச் செய்தி அனுப்பும் யோசனையை 2000-ஆம் ஆண்டில் எழுதிக் கொடுத்தார். நம் ஊர் மிஸ்டு காலுக்கு நிறுவனமே வழி செய்து தருவது போன்ற சேவை அது. பெரும் வெற்றி பெற்றது. ஈட்டுத்தொகைக்காக அவர் நீதிமன்றம் ஏறினார். நல்லெண்ணத்தோடு பேசி உரிய தொகையைத் தீர்மானிக்கும்படி 2016 ஏப்ரலில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வோடகாமுக்கு உத்தரவிட்டது. எவ்வளவு என்பதில் மீண்டும் வழக்கு நீண்டு, 2025 நவம்பரில்தான் சமரசமானது. யோசனை எழுதிக்கொடுத்த இளைஞருக்கு இதற்குள் கால் நூற்றாண்டு வயது கூடியிருந்தது.

2024 ஜூன்

அலைபேசிப் பணத்தைக் கென்ய அரசு பார்த்த பார்வை வேறு: அது கறவைப் பசு. பண அனுப்புதல் கட்டணத்தின் மீது 2013-இல் 10 விழுக்காடாகத் தொடங்கிய ஆயத்தீர்வை 2018-இல் 12 ஆகவும் 2023-இல் 15 ஆகவும் ஏறியது. 2024-ஆம் ஆண்டின் நிதி மசோதா அதை 20 ஆக்க முனைந்தது. ரொட்டிக்கு 16 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, வாகன மதிப்பில் ஆண்டுதோறும் 2.5 விழுக்காடு, அணையாடை முதல் மின்னணுப் பொருள் வரை சூழல் தீர்வை என்று மொத்தம் 34,600 கோடி ஷில்லிங் திரட்டுவது நோக்கம். பின்னணியில் நின்றது கடன். அந்த ஜூனில் முதிர்ந்த 200 கோடி டாலர் யூரோ பத்திரத்தின், அதாவது வெளிநாட்டுச் சந்தையில் டாலரில் விற்ற கடன் பத்திரத்தின், பெரும்பகுதியை முன்கூட்டியே அடைக்க, பிப்ரவரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கும் மேலான வட்டிச் செலவில் 150 கோடி டாலருக்குப் புதிய பத்திரம் விற்றிருந்தார்கள். பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன் திட்டமோ வரி வருவாயை உயர்த்தும்படி வலியுறுத்தியது.

கட்சித் தலைமை எதுவும் இல்லாமல் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். மசோதாவை ஸ்வாஹிலியிலும் பிற தாய்மொழிகளிலும் மொழிபெயர்த்துக் குறும்படங்களாக வெளியிட்டார்கள். எந்தப் பிரிவு யாரை எப்படித் தாக்கும் என்று கேட்டால் விளக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒன்றைச் சில நாள்களில் உருவாக்கினார்கள். காயமுற்றோர் மருத்துவத்துக்கும் இறந்தோர் அடக்கத்துக்கும் எம்-பெசா வழியே பணம் திரட்டினார்கள். ஜூன் 25 அன்று நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, கூட்டம் உள்ளே நுழைந்தது, காவலர் சுட்டனர். ஜூலை 1 வரை 39 பேர் இறந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. ஜூன் 26 அன்று அதிபர் வில்லியம் ரூட்டோ மசோதாவில் கையொப்பமிட மறுத்தார். அதிலிருந்த வரிகள் சில, டிசம்பரில் வேறு சட்டத்தின் வழியே திரும்பி வந்தன.

ஆப்பிரிக்க இளைஞரின் புத்தாக்கம் என்று மாநாடுகளில் காட்டப்படும் செயலிகளை விட, அந்த ஜூன் மாதத்து வேலையே என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது. யார் வரி விதிப்பது, யாருக்காகக் கடன் வாங்குவது என்பதைக் கேட்கும் உரிமைக்கு அவர்கள் தங்கள் தொழில்நுட்பத் திறனைப் பயன்படுத்தினார்கள். நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் நுழைந்த ஜூன் 25 அன்றே இணையம் தடுமாறியது. அரசு தடை எதுவும் விதிக்கவில்லை என்றது, சஃபாரிகாம் கடலடி வடத்தில் பழுது என்றது, போராடியவர்களில் பலர் இரண்டையும் நம்பவில்லை. நாட்டின் தகவல் தொடர்பும் பணப்போக்குவரத்தும் ஒரே நிறுவனத்தின் கையில் குவிந்திருக்கும்போது ஐயம் எழுவதை யாராலும் தடுக்க முடியாது.

விற்பனை

வரியும் கடனும் கடினமாகிவிட்ட நிலையில் அரசு சொத்துப் பக்கம் திரும்பியது. சஃபாரிகாமில் தன்னிடமிருந்த 35 விழுக்காட்டில் 15 விழுக்காட்டை, பங்கு ஒன்று 34 ஷில்லிங் என்ற கணக்கில் சுமார் 20,400 கோடி ஷில்லிங்குக்கு வோடகாமுக்கு விற்கப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வோடஃபோன் தரப்பின் 40 விழுக்காட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே வோடகாமிடம் இருந்தது. வோடஃபோனிடம் எஞ்சிய பங்கையும் சேர்த்தால் வோடகாமின் கை 55 விழுக்காட்டுக்கு உயரும். அரசுக்கு 20 மிஞ்சும். புதுக் கடனும் புது வரியும் இல்லாமல் சாலை, மின்சாரம் போன்ற கட்டுமானங்களுக்குப் பணம் திரட்டுவதே நோக்கம் என்பது அரசின் விளக்கம். அது பொய்யான விளக்கமுமில்லை. தெருவில் மறுக்கப்பட்ட வரிக்கு ஈடாக வேறெங்கோ பணம் தேட வேண்டியிருந்தது. ஆனால் ஆண்டுதோறும் ஈவுத்தொகை தந்துவந்த சொத்தை ஒருமுறை வரும் தொகைக்காக விடும்போது, விலை சரியா என்பதோடு, நாட்டின் பணப்பாதையில் பெரும்பான்மை முடிவெடுக்கும் உரிமை யாரிடம் போகிறது என்பதும் கேட்கப்பட வேண்டியது. வாங்குபவரும் ஆப்பிரிக்க நிறுவனம்தானே என்று ஒரு வாதம் உண்டு. ஜொகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதால் வோடகாமின் பெரும்பான்மை உரிமை லண்டனிலிருந்து இடம்பெயர்ந்துவிடவில்லை.

பங்குகளைத் திரும்ப வாங்குவது ஒன்றே வழி என்று நான் நினைக்கவில்லை. அதற்கான பணமும் கென்ய அரசிடம் இல்லை. பிரேசிலில் 2020-இல் மத்திய வங்கியே தொடங்கிய பிக்ஸ், இந்தியாவில் 2016-இல் வந்த யுபிஐ ஆகியவை, பணப்பாதை பொதுவாகவும் அதன் மேல் ஓடும் செயலிகள் தனியாராகவும் இருக்க முடியும் என்று காட்டிவிட்டன. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆண்டு இறுதி வரை, ஆயிரம் ஷில்லிங் வரையிலான அனுப்புதலுக்குக் கட்டணம் கூடாது என்று கென்ய மத்திய வங்கி சொன்னபோது சஃபாரிகாம் அதற்கு இணங்கியது, பயன்பாடு பெருகியது. விதி எழுதும் அதிகாரம் நைரோபியில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பத்து மாதங்கள் போதுமான சான்று. எல்லா வங்கிகளையும் அலைபேசிப் பண நிறுவனங்களையும் ஒரே தளத்தில் இணைக்கும் உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்பு மத்திய வங்கியின் திட்டத்தில் உள்ளது. அதைப் புதிதாகக் கட்டுவதா, வங்கிகள் 2017-இல் தொடங்கிய பெசாலிங்க்கை விரிவாக்குவதா என்ற வாதம் 2025-இலும் முடியவில்லை. புதிதாகக் கட்ட வேண்டாம், இருப்பதை மேம்படுத்தினால் போதும் என்று வங்கிகள் வற்புறுத்தின.